சேற்றில் கண்டம்: மூன்றாவது முயற்சி

ஞாயிற்றுக்கிழமை காலை மூடியைத் திறந்து பார்த்தால், நான் கட்டும் 'கண்டம்' (Gundam) ரோபோ மாதிரியின் இடது காலில் மயிர் முளைத்திருக்கிறது. சாம்பல் நிறத்தில், பஞ்சு மாதிரி, கணுக்காலைச் சுற்றி. நான்கு நாள் உட்கார்ந்து பூசிய சேறு. பூஞ்சணம்.

அம்மா எட்டிப் பார்த்துவிட்டு, "பேரே கண்டம்னு வெச்சிருக்கான், வேற எப்படிடா இருக்கும்?" என்று சொல்லிவிட்டுப் போனார். ஜப்பான்காரன் வைத்த பெயருக்கு நான் என்ன செய்ய?

போன பதிவைப் படித்தவர்களுக்குத் தெரியும், நான் கட்டிக்கொண்டிருப்பது '08வது எம்.எஸ். டீம்' என்ற ஜப்பானிய அனிமே தொடரிலிருந்து ஒரு காட்சி. குறிப்பிட்ட ஒரு பகுதியில் வரும் காட்சி இல்லை, பல பகுதிகளிலிருந்து நான் சேர்த்துக்கொண்டது. தென்கிழக்காசியக் காடு, ஆற்றங்கரை. தரைப்போர் வகைக் கண்டம் ஒன்று ஒற்றைக் காலை மடக்கி மண்டியிட்டு, கேடயத்தைச் சேற்றில் ஊன்றி, அதன்மேல் 180 மி.மீ. பீரங்கியைச் சாய்த்துக் காத்திருக்கிறது. கிட், அதாவது துண்டுகளாக வரும் பிளாஸ்டிக் மாதிரி, சாதாரண 1/144 அளவு ஹைகிரேட் வகைதான். வெட்டுவது, ரன்னர் (துண்டுகளைத் தாங்கும் சட்டம்) விட்ட தழும்பைத் தேய்ப்பது, பேனல் லைன் (தகட்டு இடுக்குக் கோடுகள்) போடுவது எல்லாம் இரண்டு வாரத்தில் முடிந்தது. அதைப் பற்றி எழுத ஒன்றும் இல்லை. நான்கு மாதமாக என்னை உட்காரவைத்திருப்பது முழங்காலுக்குக் கீழே இருக்கும் சேறு மட்டும்தான்.

ஏன் இவ்வளவு வெறி என்று கேட்கலாம். இந்தத் தொடரில் எனக்குப் பிடித்ததே அந்தச் சேறுதான். மற்ற ரோபோ தொடர்களில் வீரன் கத்துவான், இயந்திரம் பறக்கும், ஒளிக்கற்றை பாயும். இங்கே 18 மீட்டர் உயர இயந்திரம் ஆற்றில் இறங்கினால் கால் புதைகிறது. ஏறி வந்தால் வண்டல் வழிகிறது. எதிரி எங்கே என்று யாருக்கும் உள்ளுணர்வில் பளிச்சென்று தெரிவதில்லை. மிதந்து ஓடும் ஒரு ஹோவர் டிரக் நின்று, தரையில் ஒலியுணர்வியை இறக்கி, அதில் இருக்கும் எலடோர் காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு காலடி அதிர்வைக் கேட்டுச் சொன்னால்தான் கண்டம் ஓட்டும் மற்ற மூன்று பேரும் அசைய முடியும். காலடி கேட்கிறது என்றால் எடை இருக்கிறது. எடை இருந்தால் சேறும் இருந்தாக வேண்டும். சேறு இல்லாத 08 கண்டம் எனக்குக் கடை ஜன்னல் பொம்மைதான்.

சரி, சேற்றுக்கு வருவோம்.

முதல் முயற்சியில் செய்த தப்பு அளவு. தொட்டி மண்ணை டீ வடிகட்டியில் சலித்து, வெள்ளைப் பசையில் குழைத்து அப்பினேன். கண்ணுக்கு நைசாகத்தான் இருந்தது. படம் எடுத்துப் பெரிதாக்கிப் பார்த்தபோதுதான் உறைத்தது. 1/144 அளவில் ஒரு மி.மீ. மண் துகள் என்றால் நிஜத்தில் 14 செ.மீ. கல். என் கண்டம் சேற்றில் நிற்கவில்லை, ஜல்லி லாரி கவிழ்ந்த இடத்தில் நின்றுகொண்டிருந்தது. அதோடு முழங்கால் வரை அப்பியிருந்தேன். இந்த உயரத்துக்கு முழங்கால் என்பது தரையிலிருந்து நாலரை, ஐந்து மீட்டர். அவ்வளவு ஆழச் சேற்றில் இறங்கினால் அது சண்டைக்குத் திரும்பாது, கிரேன் வைத்துத் தூக்க வேண்டியதுதான்.

இரண்டாவது முறை யோசித்துச் செய்தேன். மண்டியிட்ட காலில் மட்டும் முழங்கால் வட்டமும் முன்னங்காலும் சேற்றில் அழுந்தியிருக்கும். மற்ற காலில் பாதமும் கணுக்காலும் போதும். அதற்கு மேலே நடந்து வந்தபோது தெறித்த துளிகள், அதுவும் உள்பக்கத்தில் அதிகம், ஏனென்றால் ஒரு கால் வைக்கும்போது அடுத்த காலுக்குத்தான் தெறிக்கும். மழையில் மண்ரோட்டில் நடந்துவிட்டு வந்து உங்கள் பேண்ட்டைப் பாருங்கள், அப்படியே இருக்கும். பிறகு அடுக்கு: அடியில் நேற்றைய சேறு, காய்ந்து வெளுத்தது. அதன்மேல் இன்றைய சேறு, கறுத்து ஈரம் மின்னுவது. இதெல்லாம் நன்றாகவே வந்தது. மண்ணைத்தான் வறுக்கவில்லை. வெயிலில் இரண்டு நாள் வைத்தால் போதும் என்று நினைத்தேன். ஐப்பசியில் சென்னையில் எங்கே வெயில்? செடித்தொட்டி மண்ணில் மக்கிய இலை, சாணம் எல்லாம் இருக்கும். அதோடு பசையும் ஈரக் காற்றும் சேர்ந்து, மேலே மூடியும் போட்டால் பூஞ்சணத்துக்கு விருந்து.

ஆக இது மூன்றாவது. தொடரில் சாண்டர்ஸ் என்று ஒரு பெரிய ஆள். அவன் இருந்த அணியெல்லாம் மூன்றாவது களத்தில் அழிந்துபோகும் என்று முகாமே அவனை மரண தேவன் என்று கூப்பிட்டு ஒதுக்கும். அந்த ராசியை உடைப்பதற்காகவே ஷிரோ என்கிற புதுத் தளபதி மடத்தனமாகப் பிடிவாதம் பிடிப்பான். என் மூன்றாவது சேற்று டப்பாவுக்கு அதனால் சாண்டர்ஸ் என்றே லேபிள் ஒட்டியிருக்கிறேன்.

இந்த முறை மண்ணே கிடையாது. யோசனை தங்கையுடையது. "கோலத்துக்குக் காவி அடிக்கிறோமே, அது பூஞ்சணம் பிடிச்சுப் பார்த்திருக்கியாண்ணா?" என்றாள். இல்லைதான். காவி இரும்பு ஆக்சைடு, தின்ன அதில் ஒன்றும் இல்லை. காவிப் பொடி, சுவர்ப் புட்டிப் பொடி, கொஞ்சம் கறுப்பு அக்ரிலிக். வடிகட்டியைத் தூக்கிப் போட்டுவிட்டு, நாட்டு மருந்துக்காரர்கள் சூரணத்தை வஸ்திரகாயம் செய்வது போல, பழைய வேட்டித் துணியில் கட்டித் தட்டினேன். விழுந்தது மாவு. விரலில் தேய்த்தால் துகளே தெரியவில்லை. செம்மண் காட்டுக்கு நிறமும் பொருந்தியது.

புட்டியில் ஒரு சிக்கல் இருக்கிறது. தண்ணீரில் மட்டும் குழைத்தால் பிளாஸ்டிக்கில் பிடிக்காது, காய்ந்ததும் தோல் உரிவது போல ஒரே துண்டாகக் கையோடு வரும். உதிரிக் காலில் அதையும் அனுபவித்தேன். மேட் அக்ரிலிக் மீடியத்தைப் பாதிக்குப் பாதி சேர்த்து, பூசும் இடத்தை 400 நம்பர் உப்புத்தாளால் லேசாகக் கீறிவிட்டால் நிற்கிறது. தயிர் பதத்தில் முதல் பூச்சு, காய்ந்ததும் இட்லி மாவு பதத்தில் இரண்டாவது. தெறிப்புக்குப் பழைய பல்துலக்கியின் முடியைச் சுண்டினால் துளி பெரிதாக விழுகிறது. நான் செய்தது: கறை பட்ட தூரிகையைக் காலுக்குப் பக்கத்தில் பிடித்து, ஜூஸ் குழாயால் ஊதினேன். தூசி மாதிரி படிந்தது. ஈர மினுமினுப்புக்குக் கடைசியில் சில இடங்களில் மட்டும் கிளாஸ் வார்னிஷ்.

பீற்றிக்கொள்ள ஒரு விஷயம்: கேடயம் ஊன்றிய இடத்தில் சேறு பிதுங்கி மேலே எழும்பியிருக்கிறது பாருங்கள், அது தானாக வந்தது. பாதி காய்ந்திருக்கும்போது கேடயத்தைக் கீழே அழுத்தினேன், அவ்வளவுதான். செதுக்கியிருந்தால் இப்படி வந்திருக்காது.

புலம்ப இன்னொன்று. சேறு முடிந்த தெம்பில் மூட்டுகளுக்கு எனாமல் வாஷ் (இடுக்கில் இறங்கும்படி நீர்க்க வைத்த பெயிண்ட்) விட்டேன். தின்னர் கணுக்கால் மூட்டின் இடுக்கில் இறங்கிவிட்டது. பத்து நிமிடம் கழித்து மேசையிலிருந்து 'டிக்' என்று ஒரு சத்தம். உங்களில் பலருக்கு அந்தச் சத்தம் தெரிந்திருக்கும். இறுக்கத்தில் இருக்கும் பிளாஸ்டிக்கில் எனாமல் தின்னர் பட்டால் விரிசல் விடும் என்று மற்றவர்களுக்குப் பாடம் எடுத்தவன் நான். குண்டூசியை வெட்டி, துளையிட்டு, சொருகி ஒட்டியிருக்கிறேன். அந்தக் கால் இனி மடங்காது. மண்டியிட்டே இருக்கட்டும்.

டிரக். முதலில் அது திட்டத்திலேயே இல்லை. கண்டத்தை மட்டும் வைத்துப் பார்த்தேன், போட்டோவுக்கு நிற்கிற மாதிரி இருந்தது. பக்கத்தில் அட்டையில் டிரக் அளவுக்கு ஒரு பெட்டி செய்து வைத்ததும் காட்சி மாறிவிட்டது. இப்போது அது யாரோ சொல்லப்போகும் ஒரு வார்த்தைக்காகக் காத்திருக்கிறது. இந்த அணியின் அழகே அது. ஷிரோ அவசரக்காரன், கேரன் அவனை நம்பாதவள், எலடோருக்குப் பாட்டுப் பாடி ஆல்பம் போட வேண்டும், சின்னப் பையன் மிஷெல் ஊரில் இருக்கும் காதலிக்குக் கடிதமாக எழுதித் தள்ளுவான். யாரும் தனியாகப் பெரிய வீரன் இல்லை. டிரக்கில் இருப்பவன் தூங்கிவிட்டால் மூன்று கண்டமும் குருடு. டிரக் கிட் கையில் சிக்காததால் பிளாஸ்டிக் ஷீட், பழைய ஏ.டி.எம். கார்டு, கிட்டில் மிச்சம் விழுந்த உதிரிகள் வைத்துக் கட்டிக்கொண்டிருக்கிறேன். சக்கரம் இல்லாத வண்டி, அதுவரை லாபம். பாதிதான் முடிந்திருக்கிறது.

மனித உருவங்களுக்கு ஒரு தகவல்: ரோபோ கடைகளில் தேடாதீர்கள். கட்டட மாதிரி செய்பவர்கள் வாங்கும் 1/150 உருவங்கள் நூறு நூறாகப் பையில் கிடைக்கும். ஆள் 11 மி.மீ. சொச்சம், நம் அளவுக்குச் சரியாகப் பொருந்தும். என்ன, எல்லோரும் அலுவலகம் போகிற மாதிரி கையில் பெட்டியோடு இருப்பார்கள். பெட்டியை வெட்டிவிட வேண்டும். நான் வாங்கிய கடையில் (பெயர் வேண்டாம்) நூறு என்று சொல்லி எண்பத்தி மூன்று அனுப்பினார்கள். கேட்டால் பதில் இல்லை.

உருவங்களுக்கு வர்ணம் தங்கை வேலை. நகத்தில் பூ வரைகிற கை, நடுங்காது. ஆனால் என் டிரக் ஆட்களை விட்டுவிட்டு அவள் முதலில் எடுத்தது ஷிரோவையும் ஐனாவையும். நான் அடுத்துக் கட்டப்போகும் காட்சித் தளத்துக்கானவர்கள் அவர்கள். ஏழாவது பகுதி: எதிரெதிர்ப் படையில் இருக்கும் இரண்டு பேரும் பனிமலையில் மாட்டிக்கொள்கிறார்கள். உறைந்து சாகாமல் இருக்க ஷிரோ கண்டத்தின் பீம் சேபரால் (ஒளிவாள்) பனியை உருக்கி வெந்நீர்க் குளம் ஆக்குகிறான். நாடு பிடிக்கச் செய்த ஆயுதத்தை வெந்நீர் போட எடுத்த ஒரே ஆள் என்று எனக்கு அவன்மேல் மரியாதை வந்தது அங்கேதான்.

காதல் விஷயத்தில் எங்கள் வீட்டில் சண்டை. முதல் பகுதியில் இருவரும் விண்வெளிச் சிதைவுக்குள் சில மணி நேரம், அப்புறம் இந்தப் பனி. இதற்காக ஒருவன் படையையே விட்டுப் போவானா என்பது என் கேள்வி. எதிரியோடு பழகியதற்காகப் படை நடத்தும் விசாரணையில் அவன் பேசுவதும் எனக்குக் கொஞ்சம் அதிகப்படிதான். தங்கை ஒரே வரியில் முடித்துவிட்டாள்: "உயிர் போற நேரத்துல ரெண்டு தடவை கூட இருந்திருக்காங்க. இங்க ஜாதகம் பார்த்து அரை மணி நேரம் காபி குடிச்சுட்டு முடிவு பண்றாங்களே, அது மட்டும் நிஜமா?" பதில் சொல்லவில்லை.

எனக்கு அந்தத் தொடரில் உண்மையில் வலித்தது காதல் இல்லை, ஐனாவின் படையில் இருக்கும் நாரிஸ். காயம்பட்டவர்களை ஏற்றிக்கொண்டு ஒரு விண்கப்பல் கிளம்ப வேண்டும், அதைச் சுடக்கூடிய மூன்று கன்டாங்க் (பீரங்கி ரோபோ) கீழே நிற்கின்றன. அந்த மனிதர் தனியாக கூஃப் கஸ்டம் என்ற ரோபோவில் வந்து மூன்றையும் முடித்துவிட்டுத்தான் சாகிறார். அவ்வளவும் செய்து, அந்தக் கப்பலும் பிழைக்கவில்லை. அந்தக் கூஃப் கிட் வாங்கி அலமாரியில் இருக்கிறது. அதற்கு முன்னால் கேரனுடைய கண்டம் வேண்டும்: தலை போய், ஜிம் என்ற சாதாரணப் படை ரோபோவின் தலையைப் பொருத்திக்கொண்டு சண்டைக்குப் போவாளே, அது. ஜிம் ஒன்று வாங்கித் தலையை மட்டும் எடுத்தால் மீதி உடம்பை என்ன செய்வது என்றுதான் யோசனை. யாரிடமாவது தலை மட்டும் இருந்தால் சொல்லுங்கள்.

இந்தத் தளமே முடியவில்லை, அதற்குள் மூன்று திட்டம். இருக்கட்டும். 12 பகுதித் தொடருக்கே 1996இல் தொடங்கி 1999 வரை ஆயிற்று. நடுவில் இயக்குநர் தகேயுகி கான்டா காலமானார், உமானோசுகே ஈடா ஏற்றுக்கொண்டு முடித்தார். நான்கு மாதம் பெரிய தாமதம் இல்லை.

இன்றைய நிலவரம்: சாண்டர்ஸ் சேறு பூசி ஒன்பது நாள். மூடி போடவில்லை. மயிர் முளைக்கவில்லை. மேட் கோட் அடிக்க மழை விட வேண்டும், ஈரக் காற்றில் அடித்தால் வெள்ளை பூத்துவிடும். ஆறு இன்னும் ஊற்றவில்லை. டிரக்குக்குக் கூரை இல்லை.

ஷிரோவும் ஐனாவும் மட்டும் வர்ணம் முடிந்து, தங்கையின் பழைய குங்குமச் சிமிழுக்குள் பஞ்சில் படுத்திருக்கிறார்கள். வெந்நீர்க் குளம் எப்போது வரும் என்று அவள் தினம் கேட்கிறாள்.