புடாபெஸ்ட் கேம்பிட்டை நம்பி விளையாடலாமா? விட்மர் ஆட்டத்தை வைத்துப் பார்த்த அனுபவம்

செஸ்ஸில் எதிரில் இருப்பவர் டி4 என்று ராணிச் சிப்பாயைத் தள்ளினால் கறுப்பில் எதை விளையாடுவது என்பது எனக்கு நெடுநாள் தலைவலி. கிங்ஸ் இந்தியன் என்கிற தற்காப்பு முறையைப் படித்துப் பார்த்தேன், மனப்பாடம் செய்ய வேண்டியது தீரவே இல்லை. குயின்ஸ் கேம்பிட்டை, அதாவது வெள்ளை நீட்டுகிற சி4 சிப்பாயை, மறுத்து ஆடுவது ஒழுங்கான வழிதான், ஆனால் நாகர்கோவில் பக்கம் நடக்கிற ரேபிட் (குறைந்த நேர) போட்டிகளில் எதிரே வந்து உட்காருகிற பிள்ளைகள் அதை முழுசாகப் படித்துவிட்டு வருகிறார்கள். தக்கலையில் ஒரு கடை மாடியில் சாயங்காலம் நாங்கள் சிலர் கூடி விளையாடுவோம். அங்கே வருகிற ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவரிடம் இதைச் சொன்னபோது, "புடாபெஸ்ட்ட ஒருக்கா பாரு மக்களே. ஆனா பொறி காட்டுத வீடியோ ஒண்ணும் பாக்காத, கேட்டியா, விட்மரு ஆடின ஆட்டத்த எடுத்து வெச்சுப் பாரு" என்றார்.

தெரியாதவர்களுக்காக: எழுத்து போர்டின் நெடுவரிசை, எண் குறுக்குவரிசை; ஒவ்வொரு நகர்விலும் முதலில் வருவது வெள்ளை, அடுத்தது கறுப்பு, மூன்று புள்ளி இருந்தால் கறுப்பின் நகர்வு மட்டும். 1.டி4 குதிரை எஃப்6 2.சி4 இ5. இதுதான் புடாபெஸ்ட் கேம்பிட். கேம்பிட் என்றால் தொடக்கத்திலேயே சிப்பாயைப் பலி கொடுப்பது; இங்கே இரண்டாவது நகர்விலேயே கறுப்பு ஒன்றைக் கொடுக்கிறது. வெள்ளை இ5-ல் வெட்டியதும் குதிரை ஜி4-க்குப் போய் அந்தச் சிப்பாயைக் குறிவைக்கும். பெரிய ஆட்டக்காரர்களிடம் இது அபூர்வம்.

ஸ்லோவேனிய ஆட்டக்காரர் மிலன் விட்மரின் அந்த ஆட்டம் நடந்தது 1918 ஏப்ரலில், பெர்லினில். ரூபின்ஸ்டைன், ஷ்லெக்டர், மீஸஸ், விட்மர் என்று நான்கே பேர் விளையாடிய போட்டி. முதல் சுற்றிலேயே விட்மருக்குக் கறுப்பு, எதிரே ரூபின்ஸ்டைன், அதாவது உலகப் பட்டத்துக்காக அப்போதைய உலக சாம்பியன் லாஸ்கரோடு மோதுவதாக இருந்து முதல் உலகப்போரால் அந்த வாய்ப்பை இழந்த மனிதர். என்ன ஆடலாம் என்று விட்மர் கேட்க, ஹங்கேரிக்காரர் அபோன்யி இந்தப் புது யோசனையைக் காட்டிக் கொடுத்தார். விட்மர் 24 நகர்வில் ஜெயித்தார், போட்டியையும் ஜெயித்தார். 1950-ல் உலகச் செஸ் அமைப்பான ஃபிடே முதன்முதலாகக் கிராண்ட்மாஸ்டர் பட்டம் கொடுத்தபோது அந்தப் பட்டியலில் விட்மரும் ரூபின்ஸ்டைனும் இருந்தார்கள். விட்மரின் தொழில் மின் பொறியியல், அதில் பேராசிரியராகவும் இருந்தவர் என்பது எனக்கு ரொம்பப் பிடித்த விஷயம்.

எஞ்ஜினை, அதாவது ஆட்டத்தை அலசுகிற கணினி நிரலை, திறக்காமல், போர்டை விரித்து, நகர்வுகளைத் தாளால் மறைத்து வைத்துக்கொண்டு, கறுப்பின் ஒவ்வொரு முறைக்கும் நான் என்ன ஆடுவேன் என்று முதலில் எழுதினேன். அப்புறம்தான் தாளை நகர்த்திப் பார்ப்பது. நேரம் பிடிக்கிற வேலை, ஆனால் ஒரு ஓப்பனிங் (தொடக்க ஆட்டமுறை) நமக்கு ஒத்துவருமா என்று தெரிந்துகொள்ள இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை.

3.சிப்பாய் இ5-ல் வெட்டு, குதிரை ஜி4 4.பிஷப் எஃப்4 குதிரை சி6 5.குதிரை எஃப்3 பிஷப் பி4 செக் 6.குதிரை சி3 ராணி இ7 7.ராணி டி5. இங்கே ஒரு நிமிடம் நிற்க வேண்டும். இ5 சிப்பாயைக் கறுப்பு மூன்று காய்களால் தாக்குகிறது, வெள்ளை மூன்றால் காக்கிறது. அதாவது வெள்ளை பிடித்த சிப்பாயை விடமாட்டேன் என்கிறது. அதற்கு விலை உண்டு: 7...பிஷப் சி3-ல் வெட்ட, 8.பி-சிப்பாய் திருப்பி வெட்ட, சி-வரிசையில் சிப்பாய்கள் ஒன்றன்பின் ஒன்றாக நிற்கின்றன, ஏ2 சிப்பாய் தனியாகிவிடுகிறது.

8...ராணி ஏ3! இ-வரிசையில் நின்ற ராணி ஓரத்துக்குப் போய் சி3-ஐத் தாக்குகிறாள். 9.யானை சி1. இப்போது ஏ2 சும்மா கிடக்கிறது, நான் அதை வெட்டுவதாகத்தான் எழுதியிருந்தேன். விட்மர் ஆடியது 9...எஃப்6. பத்தாவது நகர்வில் வெள்ளை அங்கேயும் வெட்ட, குதிரை எஃப்6-ல் திருப்பி வெட்டி டி5 ராணியை விரட்டுகிறது. கறுப்புக்கு ஒரு சிப்பாய் குறைவு, ஆனால் எஃப்-வரிசை திறந்துவிட்டது, வெள்ளை ராஜா இன்னும் இ1-லேயே. இந்த இடத்தில்தான் எனக்கு இந்த ஓப்பனிங் புரிந்தது: கறுப்பு கேட்பது சிப்பாயை அல்ல, நேரத்தையும் உடைந்த சிப்பாய் அமைப்பையும்.

11.ராணி டி2 டி6 12.குதிரை டி4 கேஸ்லிங் (ராஜாவை ஓரத்தில் பத்திரப்படுத்துவது) 13.இ3 குதிரை டி4-ல் வெட்டு 14.சி-சிப்பாய் வெட்டு. ரூபின்ஸ்டைனின் எண்ணம் அழகானது, இரட்டைச் சிப்பாய் சரியாகி நடுவில் நல்ல அமைப்பு வந்துவிட்டது. ஆனால் 14...குதிரை இ4 வந்து ராணியை மறுபடி விரட்டுகிறது. 15.ராணி சி2. ராணி நகர்ந்தது இது மூன்றாவது முறை. எஃப்1 பிஷப் ஒரு முறைகூட நகரவில்லை. பதின்மூன்றில் இ3-க்குப் பதிலாக எஃப்3 ஆடியிருந்தால் குதிரை இ4-க்கே வந்திருக்க முடியாது, என் கணக்கில் ஆட்டம் திரும்பியது அங்கேதான்.

15...ராணி ஏ5 செக் 16.ராஜா இ2. அப்புறம் 16...யானை எஃப்4-ல் வெட்டு! தாளை நகர்த்தியதும் கொஞ்ச நேரம் போர்டையே பார்த்துக்கொண்டு இருந்தேன். பிஷப்புக்கு யானையைக் கொடுக்கிறார், ஏனென்றால் இ3 சிப்பாய் எஃப்4-க்கு வெட்ட வந்தால் இ-வரிசை திறக்கும், அந்த வரிசையில்தான் ராஜா நிற்கிறது, ஏ8-ல் இன்னொரு யானை காத்திருக்கிறது. வெள்ளை அப்படியே 17.சிப்பாயால் எஃப்4-ல் வெட்டுகிறது. 17...பிஷப் எஃப்5 குதிரைக்குப் பின்னாலிருந்து சி2 ராணியைக் குறிவைக்க, 18.ராணி பி2 யானை இ8 19.ராஜா எஃப்3. குதிரை டி2-ல் செக், திரும்ப இ4-ல் செக், ராஜா ஜி3 வழியாக எச்4-க்குத் தள்ளப்படுகிறது. 21...யானை இ6 22.பிஷப் இ2 யானை எச்6 செக் 23.பிஷப் எச்5 யானை வெட்டு, செக். 24.ராஜா எச்5-ல் வெட்டியதும் 24...பிஷப் ஜி6, ஏ5-ல் இருக்கிற ராணியும் சேர்ந்து இரட்டை செக். ராஜா ஜி4 போனாலும் எச்4 போனாலும் ராணி எச்5-ல் மேட். ரூபின்ஸ்டைன் அங்கே விட்டுக்கொடுத்தார்.

இவ்வளவு அழகான ஆட்டத்தைப் பார்த்தால் யாருக்கும் உடனே விளையாடத் தோன்றும். ஆனால் ஒரு வெற்றியை மட்டும் பார்த்து முடிவெடுக்க எனக்கு மனமில்லை, அதனால் எதிர்ச்சாட்சியாக 1992-ல் லினாரெஸில் நடந்த கேண்டிடேட்ஸ் (உலக சாம்பியனோடு மோதப்போகிறவரைத் தேர்ந்தெடுக்கும் தொடர்) அரையிறுதியின் முதல் ஆட்டத்தை எடுத்தேன். நைஜல் ஷார்ட் கறுப்பில் புடாபெஸ்ட், எதிரே முன்னாள் உலக சாம்பியன் கார்போவ். கார்போவ் ஆறாவது நகர்வில் குதிரையை சி3-க்குக் கொண்டுபோகாமல் பி1-லிருந்து டி2-க்கு வைத்தார். சிப்பாய் அமைப்பு உடையவில்லை. இ3 ஆடி, இ5 சிப்பாயை அமைதியாகத் திருப்பிக் கொடுத்து, இரண்டு பிஷப்போடு மெதுவாக அழுத்தி ஜெயித்தார். அந்தத் தொடரை ஷார்ட்தான் வென்றார் என்பது வேறு விஷயம். இந்த லைனில் (நகர்வு வரிசையில்) ஏழாவதாக வெள்ளை ஏ3 ஆடினால் ஒரு பிரபலமான பொறி உண்டு: ஜி4 குதிரை இ5-ல் வெட்டும், வெள்ளை ஆசைப்பட்டு பி4 பிஷப்பை வெட்டினால் குதிரை டி3-ல் மேட். இ2 சிப்பாய் நகர முடியாமல் கட்டுண்டு கிடக்கும். வீடியோக்கள் காட்டுவது இதைத்தான். கார்போவ் போல இ3 ஆடிவிட்டால் அது இல்லவே இல்லை.

எஞ்ஜினைக் கடைசியில்தான் திறந்தேன். இரண்டாவது நகர்விலேயே வெள்ளைக்குச் சாதகம் என்கிறது, ஆனால் முழுச் சிப்பாய் அளவுக்கு இல்லை. 15 நிமிட ஆட்டத்தில் எனக்கு அது சம்மதம்.

மாடியில் சாரோடும் மற்றவர்களோடும் ஆடிப் பார்த்ததில் தெரிந்தது, வெள்ளை சிப்பாயைப் பிடித்து வைத்துக்கொள்ள நினைத்தால் கறுப்புக்கு ஆட்டம் தானாக வருகிறது, திருப்பிக் கொடுத்துவிட்டால் நீண்ட நேரம் பொறுமையாகக் காக்க வேண்டியிருக்கிறது. அந்தப் பொறுமை உள்ளவர்கள் தாராளமாக எடுக்கலாம், பொறிக்காக மட்டும் எடுப்பவர்கள் வேண்டாம் என்பேன். இன்னொன்று, இது வர வெள்ளை இரண்டாவதாக சி4 ஆடியே ஆக வேண்டும். எங்கள் மாவட்டத்தில் பாதிப் பேர் லண்டன் சிஸ்டம் (பிஷப்பைச் சீக்கிரம் எஃப்4-க்குக் கொண்டுவருகிற வெள்ளையின் முறை) ஆடுகிறவர்கள், அவர்கள் சி4-ஐத் தொடுவதே இல்லை. அதனால் சி4 வந்தால் புடாபெஸ்ட், லண்டன் வந்தால் சீக்கிரம் சி5 தள்ளி ராணியை பி6-க்குக் கொண்டுபோவது என்று இரண்டையும் சேர்த்தே தயார் செய்துகொண்டிருக்கிறேன்.