46 வருடம் கழித்து வந்த ஃபுட்பால் கௌரவம்

2023-ல், நான் படித்த ஒஹாயோ உயர்நிலைப் பள்ளியின் ஹால் ஆஃப் ஃபேமில், அதாவது சாதித்த பழைய மாணவர்களுக்கான கௌரவப் பட்டியலில், என் பெயரைச் சேர்த்தார்கள். 1977-ல் அந்தப் பள்ளி ஃபுட்பால் அணிக்கு நான்தான் கிக்கர், அதாவது பந்தை உதைத்துப் புள்ளி எடுப்பவன். ஹெல்மெட் போட்டுக்கொண்டு முட்டை வடிவப் பந்துக்காக மோதுவார்களே, அந்த அமெரிக்க ஃபுட்பாலைத்தான் சொல்கிறேன். செய்தி தெரிந்ததிலிருந்து நம்மவர்கள் பலர், "அவங்களா கூப்பிட்டாங்களா, நாமதான் விண்ணப்பிக்கணுமா? இவ்வளவு வருஷம் கழிச்சு எதைக் காட்டி நிரூபிச்சீங்க?" என்று கேட்கிறார்கள். நடந்ததை முழுதாக எழுதிவிடலாம் என்று தோன்றியது.

முதலில் ஊரைப் பற்றிக் கொஞ்சம். அப்பா மருத்துவர். 1965-ல் அமெரிக்கக் குடியேற்றச் சட்டம் மாறிய பிறகு இந்திய மருத்துவர்கள் நிறையப் பேர் கிளம்பினார்கள். நாங்கள் 1973-ல் பாளையங்கோட்டையிலிருந்து யங்ஸ்டவுன் பக்கம் போய்ச் சேர்ந்தோம். எனக்கு 13 வயது. மஹோனிங் ஆற்றங்கரை நெடுக உருக்காலைகள். என்னோடு படித்த பையன்களின் தாத்தாக்கள் ஸ்லோவாக்கியா, இத்தாலி, போலந்து என்று எங்கெங்கோ இருந்து வந்து ஆலையில் சேர்ந்தவர்கள். வெள்ளிக்கிழமை இரவு ஃபுட்பால் ஆட்டம் என்றால் ஊரே மைதானத்தில்தான் இருக்கும். தவறு நடந்தால் நடுவர் கொடியை வீசுகிறாரே, அந்த வழக்கத்தை 1941-ல் தொடங்கிவைத்ததே யங்ஸ்டவுன் கல்லூரிப் பயிற்சியாளர் ட்வைட் பீடிதான். அந்த ஊர்க்காரர்கள் இதைச் சொல்லாமல் யாரையும் விட மாட்டார்கள்.

பாளையங்கோட்டையில் வெறுங்காலோடு கால்பந்து ஆடி வளர்ந்தவன் நான். அதனால் பந்தைப் பக்கவாட்டில் ஓடிவந்து காலின் மேற்பகுதியால் உதைப்பேன். எங்கள் கோச்சுக்கு அது பிடிபடவே கொஞ்ச நாள் ஆயிற்று. அவர் பார்த்து வளர்ந்தது லூ குரோசாவை. ஒஹாயோவிலேயே பிறந்து, கிளீவ்லாந்து பிரவுன்ஸ் அணிக்காக 1967 வரை ஆடிய குரோசா, முனை சதுரமாக இருக்கும் ஷூவைப் போட்டுக்கொண்டு நேராக வந்து கால் விரல் பகுதியால் உதைப்பவர். ஹங்கேரியிலிருந்து அகதியாக வந்த குடும்பத்துப் பையன் பீட் கோகோலக் 1964-ல் பஃபலோ பில்ஸ் அணியில் சேர்ந்து எங்கள் பாணியில் உதைத்துக் காட்டிய பிறகுதான், மற்றவர்களும் மெல்ல அதற்கு மாறினார்கள். பக்கத்தில் இருக்கும் சேலம் ஊரில் (ஆம், ஒஹாயோவிலும் ஒரு சேலம் உண்டு) பிறந்த ரிச் கார்லிஸ், பின்னாளில் டென்வர் பிராங்கோஸுக்காக வெறுங்காலிலேயே உதைத்தார். 1987 ஜனவரியில் கிளீவ்லாந்தைக் கூடுதல் நேரத்தில் தோற்கடித்த உதை அவருடையது. எங்கள் பக்கத்தில் அதைப் பற்றி இன்றும் வருத்தத்தோடுதான் பேசுவார்கள்.

இனி 1977-க்கு வருகிறேன். அந்த ஜூனில்தான் பிட்ஸ்பர்க் வெங்கடேசுவரர் கோவிலுக்குக் கும்பாபிஷேகம் நடந்தது. அம்மா அங்கே போய், பையன் கை கால் முறியாமல் இந்த சீசன் முடிய வேண்டும் என்று வேண்டிக்கொண்டு வந்தார். செப்டம்பர் 19, திங்கட்கிழமை. யங்ஸ்டவுன் ஷீட் அண்ட் டியூப் நிறுவனம் தன் கேம்பல் ஆலையின் பெரும்பகுதியை மூடப்போவதாக அறிவித்தது. சுமார் 5,000 பேர் வேலை. 'கறுப்புத் திங்கள்' என்றுதான் அந்த நாளை இன்றும் சொல்கிறார்கள். எங்கள் அணியில் பலருடைய அப்பாக்கள் அங்கே வேலை பார்த்தார்கள். அன்று மாலைப் பயிற்சியில் யாரும் வாயைத் திறக்கவில்லை. கோச் எங்களை வெறுமனே ஓடவிட்டு வீட்டுக்கு அனுப்பிவிட்டார்.

அந்த வெள்ளிக்கிழமை, 23-ஆம் தேதி, சொந்த மைதானத்தில் ஆட்டம். கடைசி நிமிடம் வரை 7-7. எதிரணியின் 24 யார்டு கோட்டில் எங்கள் பந்து நின்றது. பந்தை உதைத்து இரண்டு கம்பங்களுக்கு நடுவே செலுத்தினால் அது ஃபீல்ட் கோல், மூன்று புள்ளி. அதன் தூரத்தைக் கணக்கிடும்போது அந்த 24-ஓடு 17 சேர்க்க வேண்டும்: எல்லைக் கோட்டிலிருந்து கம்பங்கள் வரை உள்ள 10 யார்டு ஒன்று, பந்தை உதைக்க வைக்கும் இடம் பந்து நின்ற கோட்டுக்கு 7 யார்டு பின்னால் இருப்பது இன்னொன்று. ஆக 41 யார்டு. பள்ளி ஆட்டத்தில் கம்பங்களுக்கு நடுவே 23 அடி 4 அங்குல அகலம் உண்டு, தொழில்முறை ஆட்டத்தைவிடத் தாராளம்தான். உதைப்பதற்குப் பந்துக்கு அடியில் 'டீ' என்னும் சின்னத் தாங்கி வைத்துக்கொள்ளவும் அனுமதி உண்டு. இருந்தாலும் அந்தக் காலத்துப் பள்ளிப் பையனுக்கு 41 யார்டு பெரிய தூரம். பந்து உள்ளே போனது. 10-7. கூட்டம் இறங்கி மைதானத்துக்குள் வந்துவிட்டது. வேலை போகப்போகும் ஆட்கள் எங்களைக் கட்டிக்கொண்டு அழுததை அப்போதுதான் பார்த்தேன்.

சரி, கௌரவ விஷயத்துக்கு வருகிறேன். இந்த ஹால் ஆஃப் ஃபேமைப் பழைய மாணவர்களின் குழு ஒன்று நடத்துகிறது. நம் பெயரை நாமே கொடுக்க முடியாது, வேறொருவர் பரிந்துரைக்க வேண்டும். என் பெயரைக் கொடுத்தது அன்று எனக்குப் பந்தைப் பிடித்து வைத்த ஹோல்டர். சொந்த ஊரை விட்டே போகாத மனிதர். 2022 கோடையில் குழுவிடமிருந்து கடிதம் வந்த பிறகுதான் எனக்கே விஷயம் தெரியும். பரிந்துரைப் படிவம், இரண்டு ஆதரவுக் கடிதங்கள், சாதனைக்கான ஆதாரம், அந்தக் காலத்துப் புகைப்படம், 150 வார்த்தைக்குள் ஒரு குறிப்பு: இவ்வளவும் வேண்டும். குழு வருடத்துக்கு ஒருமுறை வசந்த காலத்தில் கூடி வாக்களிக்கும். தேர்வானால் அந்த இலையுதிர் காலத்தில் விழா.

ஆதாரத்தில்தான் சிக்கல். பழைய கட்டடத்தை இடித்தபோது பள்ளியின் பதிவேடுகள் எங்கெங்கோ போய்விட்டன. கோச்சும் காலமாகிவிட்டார். எஞ்சியிருந்தது செய்தித்தாள். 'விண்டிகேட்டர்' 1869-ல் தொடங்கி 150 வருடம் ஓடிய யங்ஸ்டவுன் பத்திரிகை. 2019 ஆகஸ்ட் 31-ஆம் தேதியோடு பழைய நிர்வாகம் கடையை மூடிவிட்டது. ஆனால் அதன் பழைய இதழ்கள் விக் அவென்யூவில் உள்ள பொது நூலகத்தில் மைக்ரோஃபிலிமாக இருக்கின்றன. இதேபோல் தேட நினைப்பவர்களுக்கு ஒன்று சொல்வேன்: வெள்ளிக்கிழமை ஆட்டத்தின் விவரம் சனிக்கிழமை இதழில் சுருக்கமாகவும், ஞாயிறு இதழில் விரிவாகவும் இருக்கும். இரண்டையும் பாருங்கள். கட்டுரையோடு நிறுத்தாமல், அடியில் பொடி எழுத்தில் இருக்கும் புள்ளிப் பட்டியலையும் பிரதி எடுங்கள். குழு கேட்பது அதைத்தான்.

பிரதி கிடைத்த பிறகு இன்னொரு தடங்கல். ஒவ்வொரு வாரமும் என் பெயரை ஒவ்வொரு விதமாக அச்சிட்டிருந்தார்கள். போதாக்குறைக்கு, பள்ளியில் அப்பா பெயர் கடைசிப் பெயராகப் பதிவாகியிருந்தது. குடியுரிமை வாங்கியபோது அதைச் சுருக்கிக்கொண்டேன். இத்தனை பெயரும் ஒரே ஆள்தானா என்று குழு கேட்டது நியாயம்தான். ஆண்டு மலரில் ஜெர்சி எண்ணோடு இருந்த படம், பள்ளிச் சான்றிதழ், குடியுரிமைப் பத்திரத்தில் பெயர் மாற்றம் எழுதியிருந்த பக்கம் ஆகிய மூன்றையும் சேர்த்துக் கொடுத்ததும் முடிந்தது. தமிழ்ப் பெயர் வைத்திருக்கும் யாருக்கும் இந்தத் தொல்லை வரும். பிள்ளைகள் ஆடும்போதே ஜெர்சி எண் தெரியும்படி ஒரு படமும், அச்சான ஆட்டக்காரர் பட்டியல் ஒன்றும் எடுத்து வைத்துவிடுங்கள்.

அப்புறம் நடந்ததுதான் நான் எதிர்பாராதது. எங்கள் காலத்தில் பள்ளிகள் ஆட்டங்களை 16 மில்லிமீட்டர் படச்சுருளில் எடுத்து, மறுநாள் பையன்களுக்குப் போட்டுக் காட்டும். கோச்சின் மகள் தன் வீட்டுப் பரணில் சில சுருள்கள் இருப்பதாகச் சொன்னார். குழுவே செலவு செய்து கணினிக்கு மாற்றியது. அதில் ஒன்று அந்த செப்டம்பர் 23 ஆட்டம். கறுப்பு வெள்ளை, ஒலி கிடையாது. ஆட்டத்துக்கு மறுநாள் காலை அப்பாவோடு பிட்ஸ்பர்க் போய்விட்டதால் அந்தப் படத்தை நான் அன்றும் பார்க்கவில்லை.

ஒரு ஃபீல்ட் கோலுக்கு மூன்று பேர் வேண்டும். ஸ்னாப்பர் தலைகீழாகக் குனிந்து கால்களுக்கு நடுவே பந்தைப் பின்னால் எறிகிறார். முழங்காலிட்டிருக்கும் ஹோல்டர் அதைப் பிடித்து, டீயின் மேல் நிறுத்தி, தையல் பக்கத்தை இலக்கை நோக்கித் திருப்புகிறார். அதற்குள் கிக்கர் ஓடிவந்து உதைக்க வேண்டும். எல்லாம் ஒன்றரை வினாடிக்குள். கிக்கரின் கண் டீ இருக்கும் இடத்தை விட்டு நகராது. பந்து எப்படி வந்தது என்பதை அவன் பார்ப்பதே இல்லை. படத்தில் பார்க்கிறேன்: ஸ்னாப்பர் பந்தை எறியும் அதே நொடியில் எதிரணியின் நடு ஆள் அவர் மேல் பாய்கிறான். பந்து தாழ்ந்து, கிட்டத்தட்டத் தரையைத் தொட்டு, ஹோல்டரின் வலது பக்கம் விலகி வருகிறது. ஹோல்டர் உடம்பை நீட்டி ஒற்றைக் கையால் வாரி எடுத்து, டீக்குக் கொண்டுவந்து நிறுத்தி, விரலை எடுக்கிறார். நான் உதைக்கிறேன். ஸ்னாப்பரோ கீழே விழுந்தபடியே அந்த ஆளின் இடுப்பைத் தோளால் அடைத்துக்கொண்டு விடவே இல்லை. விட்டிருந்தால் பந்து எழும்போதே தடுத்திருப்பான்.

46 வருடம் அதைச் சுத்தமான ஒரு ஸ்னாப் என்றே நினைத்துக்கொண்டிருந்தேன். அந்த இரவே ஹோல்டருக்குப் போன் செய்து, ஏன் ஒரு தடவைகூடச் சொல்லவில்லை என்று கேட்டேன். "பந்து உள்ளே போயிருச்சே, சொல்றதுக்கு என்ன இருக்கு?" என்றார். ஸ்னாப்பரிடம் கேட்க வழியில்லை. அவருடைய அப்பாவுக்கு கேம்பலில் வேலை போனது. குடும்பம் மறு வருடமே பிழைப்பைத் தேடி ஹூஸ்டனுக்குப் போய்விட்டது. கடிதம் வருவதற்குச் சில வருடம் முன்பு அவர் இறந்துவிட்டார்.

புள்ளிப் பட்டியலில் ஃபீல்ட் கோலுக்கு எதிரே ஒரு பெயர்தான் இருக்கும். எறிந்தவருக்கும் பிடித்தவருக்கும் அங்கே இடமே கிடையாது. என் 150 வார்த்தைக் குறிப்பை அழித்துவிட்டு மறுபடி எழுதினேன். பாதிக்கு மேல் அவர்கள் இருவரைப் பற்றி. பித்தளைப் பலகையில் தனி ஒருவர் பெயர் மட்டுமே வரும் என்பது விதி என்றது குழு. விதியை மதிக்கிறேன், ஆனால் அந்த இரண்டு பெயரும் இல்லாமல் 41 யார்டு என்று பொறிப்பது எனக்குச் சரியாகப் படவில்லை என்று பணிவாக எழுதினேன். குழுவில் அந்தக் காலத்து லைன்மேன் ஒருவர், அதாவது முன்வரிசையில் நின்று எதிரணியோடு மோதுபவர், இருந்தார். பெயரே அச்சில் வராமல் நான்கு வருடம் ஆடியவர். அவர் எனக்காகப் பேசியிருக்கிறார் போல. சாதனை வரிக்குக் கீழே 'ஸ்னாப்', 'ஹோல்ட்' என்று போட்டு இருவர் பெயரையும் சேர்க்க ஒப்புக்கொண்டார்கள்.

விழா எளிமையானது. வெள்ளிக்கிழமை ஆட்டத்தின் இடைவேளையில், பேண்ட் வாத்தியம் இறங்குவதற்கு முன், ஒவ்வொருவரையும் பெயர் சொல்லி மைதானத்துக்குள் அழைப்பார்கள். 88 வயது அம்மா பட்டுப்புடவைக்கு மேல் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு சக்கர நாற்காலியில் வந்தார். 1977-லும் புடவைக்கு மேல் ஸ்வெட்டரோடுதான் வருவார். அன்று அவர் பக்கத்திலேயே உட்காரும் ஹோல்டரின் அம்மா, நாங்கள் சைவம் என்று தெரிந்து, சர்ச்சில் வெள்ளிக்கிழமைதோறும் செய்யும் பியரோகியை (உருளைக்கிழங்கு அடைத்த கொழுக்கட்டை மாதிரி) தனியாகக் கொண்டுவந்து கொடுப்பார். ஹோல்டரைப் பார்த்ததும் அம்மா முதலில் விசாரித்தது அவருடைய அம்மாவைத்தான். "நல்லா இருக்காளா? என்னைக் கேட்டதாச் சொல்லு" என்று தமிழிலேயே சொன்னார். நான் மொழிபெயர்த்தேன். 94 வயது, முதியோர் இல்லத்தில் நன்றாக இருக்கிறார் என்று பதில் வந்தது. மறுநாளே போய்ப் பார்த்துவிட்டு வந்தோம்.

சனிக்கிழமை இரவு விருந்து. ஆளுக்கு மூன்று நிமிடப் பேச்சு. யங்ஸ்டவுனில் கல்யாணம் என்றால் உறவுக்காரர்கள் எல்லோரும் வீட்டில் செய்த குக்கீகளைக் கொண்டுவந்து ஒரு நீள மேசையில் அடுக்குவார்கள். இந்த விருந்துக்கும் அந்த மேசை உண்டு. என் மனைவி முறுக்கும் மனோகரமும் செய்து வைத்தார். தட்டு சீக்கிரமே காலி. என் மூன்று நிமிடத்தில் படத்தின் அந்தப் பகுதியை மட்டும் திரையில் போடச் சொன்னேன். ஹூஸ்டனிலிருந்து ஸ்னாப்பரின் மகள் வந்திருந்தார். தன் அப்பா ஃபுட்பால் ஆடுவதை அவர் அதற்கு முன் பார்த்ததில்லை. திரும்பப் போடச் சொன்னார், போட்டார்கள்.

இப்போது ஸ்னாப்பர், ஹோல்டர் இருவரையும் நானே பரிந்துரைத்திருக்கிறேன். இவர்களைப் போன்றவர்களுக்குப் புள்ளிப் பட்டியலில் எண்ணிக்கை எதுவும் இல்லாததால் குழு கூடுதலாக ஒரு கடிதம் கேட்கிறது, அதுவும் நேரில் பார்த்தவரிடமிருந்து. ஹோல்டருக்கு அது கிடைத்துவிட்டது. ஸ்னாப்பருக்காக எழுதச் சம்மதித்திருப்பவர் அன்று அவர் மேல் பாய்ந்த அந்த எதிரணி ஆள். விண்டிகேட்டர் பட்டியலில் பெயரைக் கண்டுபிடித்து, ஹோல்டர் மூலமாகத் தேடிப் பிடித்தோம். படத்தை அனுப்பியிருக்கிறேன். பார்த்துவிட்டு எழுதுவதாகச் சொல்லியிருக்கிறார்.