கொழுந்து மடுவமும் ஜான் டூயியும்

1896இல் சிக்காகோ பல்கலைக்கழகத்தில் அமெரிக்கக் கல்விச் சிந்தனையாளர் ஜான் டூயி தொடங்கிய சோதனைப் பள்ளியில், பிள்ளைகள் பருத்தியிலிருந்து விதைகளைத் தம் கையாலேயே பிரித்துப் பார்த்து, கம்பளியைவிடப் பருத்தி நெசவு ஏன் பிந்தி வளர்ந்தது என்பதைத் தாமே கண்டறிந்தார்கள். இலங்கை மலையகத்தில், அட்டனுக்கு அருகே தேயிலைத் தோட்டத் தொழிலாளர் வரிசைக் குடியிருப்பான லயத்தில் வளர்ந்த எனக்கு, இதைப் படித்தபோது நெஞ்சு கனத்தது. அம்மா பறித்த தேயிலைக் கொழுந்தை, எடை போடும் கொட்டகையான மடுவத்தில் நிறுத்து, ஈரத்துக்கென்று சில கிலோ கழிப்பதை நாள்தோறும் பார்த்திருந்தும், கழித்தலை நாங்கள் கரும்பலகையைப் பார்த்து மனனம் செய்தே கற்றோம். கல்வி என்பது வாழ்தலே, பிற்கால வாழ்வுக்கான ஆயத்தம் அன்று என்று டூயி 1897இல் எழுதினார். இன்று நான் தரம் மூன்றுக்கு ஆசிரியை. எத்தனை கிலோ குறைந்தால் அரைப் பேர், அதாவது பாதி நாள் சம்பளம் மட்டும், விழும் என்பதே எங்கள் வகுப்பின் கணக்கு. கழித்த கொழுந்து யாருக்குப் போகிறது என்று சென்ற வாரம் ஒரு சிறுமி கேட்டாள்.