காலையில் பறித்த பருப்புக்கீரை, சாயங்காலம் பறித்த பருப்புக்கீரை

மல்லிகைத் தொட்டியில் தானாக முளைத்ததைக் களை என்று வீசாமல் தனித் தொட்டிக்கு மாற்றினேன். விதையெல்லாம் தேடவில்லை, விரல் நீளத் தண்டைக் கிள்ளி ஊன்றினாலே வேர் விட்டுவிடுகிறது, வெயில் மட்டும் நன்றாக விழ வேண்டும். காட்டில் மேட்டில் பறிப்பவர்கள் முதலில் தண்டை ஒடித்துப் பாருங்கள். பால் வந்தால் அது அம்மான் பச்சரிசி வகை, பருப்புக்கீரை இல்லை.

இப்போது ருசி. ஒரு தொட்டிக்குத் தாராளமாகத் தண்ணீர் விட்டேன், இன்னொன்றை வாட்டத்திலேயே வைத்தேன். வாடிய தொட்டியில் விடிந்ததும் கிள்ளிய இலை நாக்கில் சுள்ளென்று புளித்தது, அதே செடியில் சாயங்காலம் கிள்ளியது சப்பென்று இருந்தது. தண்ணீர் குறைந்தால் இந்தச் செடி பகலில் இலைத்துளைகளை மூடிக்கொண்டு இரவில் கரியமில வாயுவை இழுத்து மாலிக் அமிலமாகச் சேர்த்து வைக்கும், பகல் வெயிலில் அது செலவாகிவிடும், அதுதான் காரணம். தண்ணீர் விட்ட தொட்டியில் இந்த வித்தியாசம் அவ்வளவாக இல்லை. ஆக, காலைக் கீரையைப் பாசிப்பருப்போடு கடைந்தால் புளியே தேவைப்படவில்லை. சின்ன வெங்காயம், சீரகம், கிள்ளிய வரமிளகாய் தாளித்தால் போதும், மசிந்ததும் லேசாக வழவழவென்று இருக்கும், அது பிடிக்காதவர்கள் தண்டைக் குறைத்துக்கொள்ளலாம்.

சத்து விஷயத்தில் இதன் பெருமை ஒமேகா 3 என்கிற நல்ல கொழுப்பு. நூறு கிராம் பச்சை இலையில் சுமார் 300 முதல் 400 மில்லிகிராம் ஆல்ஃபா லினோலெனிக் அமிலம் என்ற ஒமேகா 3 வகை இருக்கிறது, கீரைக்கு இது அதிகம்தான். அதற்காக 'மீனே வேண்டாம், இது போதும்' என்று வாட்ஸ்அப்பில் சுற்றுவதை நம்பாதீர்கள், மீனில் இருப்பது வேறு வகை, உடம்பு இதிலிருந்து அதைக் கொஞ்சமாகத்தான் தயாரித்துக்கொள்ளும். மக்னீசியம், பொட்டாசியம், வைட்டமின் சி எல்லாம் உண்டு.

சிறுநீரகத்தில் கல்லாகப் படியக்கூடிய ஆக்சலேட் என்ற உப்பும் நிறைய உண்டு. சிறுநீரகக் கல் வந்தவர்கள் மருத்துவரைக் கேட்காமல் தொடவேண்டாம். மற்றவர்களும் தயிரோடு சாப்பிடுவது நல்லது, தயிரின் கால்சியம் ஆக்சலேட்டைப் பிடித்துக்கொள்வதால் உடம்பில் சேர்வது குறையும். எனக்குச் சாயங்காலக் கீரைதான் தயிர்ப் பச்சடிக்குச் சரியாக வருகிறது, காலைக் கீரை போட்டால் புளிப்போடு புளிப்பு சேர்ந்து பல் கூசுகிறது. இலையை நறுக்க வேண்டாம், அப்படியே உருவிப் போடுங்கள்.