ஒரே தட்டில் இரண்டு கை

லாரி எடைமேடையிலிருந்து கம்ப்யூட்டருக்கு எடை வரும் சீரியல் போர்ட்டை இரண்டு புரோகிராம் ஒரே நேரத்தில் திறந்துவிடக் கூடாது. “லாக் (lock) ஃபைல் போட்டா போதும்ல சார்?” என்று கேட்டார் உடன் வேலை செய்த தம்பி. ‘போர்ட் இப்போது என்னிடம்’ என்று மற்ற புரோகிராமுக்குச் சொல்லும் ஃபைல் அது. “போதும்” என்றேன். அன்றைக்கு அது சரியான பதில்தான். போர்ட்டைத் திறந்த இரண்டு புரோகிராமும் நாங்கள் எழுதியவை; முறைவைத்துத் திறந்து மூடின. அதில் ஒன்று பில் போடும் பில்லிங். எடையைத் திரையில் காட்டும் டிஸ்ப்ளே புரோகிராம் பிறகு வந்தது, வேறு ஆள் எழுதியது.

எடைமேடையின் எடை காட்டும் கருவியான இண்டிகேட்டர், ஒவ்வோர் எடைக்கும் அனுப்புவது 9 பைட் தொகுப்பு, அதாவது ஃபிரேம்: தொடக்கக் குறி, 7 இலக்கம், முடிவுக் குறியாகக் கேரேஜ் ரிட்டர்ன். பிழையைக் கண்டுபிடிக்க உதவும் செக்சம் கிடையாது. விண்டோஸ் என்றால் இரண்டாவது புரோகிராமுக்குப் போர்ட்டே திறக்காது. லினக்ஸ் திறந்துவிடும், ஆனால் பைட்டை ஆளுக்கொரு நகல் தராது. முதலில் ரீட் செய்தவருக்கே அது.

ஒரு பைட் தொலைந்தால் நீளம் குறையும், பிடித்துவிடலாம். இது பிடிபடாது: லாரி ஏறிக்கொண்டிருக்கும்போது 0018420, அடுத்து 0019065. பில்லிங் ‘0018’ வரை படித்ததும் டிஸ்ப்ளே சரியாக 9 பைட்டை எடுத்துக்கொள்கிறது: 420, ரிட்டர்ன், தொடக்கக் குறி, 0019. மிச்சம் 065. பில்லில் 18,065 கிலோ. இண்டிகேட்டர் அப்படி ஓர் எடையை அனுப்பவே இல்லை. லாரி அசையாமல் நின்றால் இதே வெட்டு ஒட்டு சரியான எடையைத்தான் தரும். சோதனையில் தப்பியது அதனால்தான். எடை நிலைக்கும்வரை பில்லிங் காத்திருக்க வேண்டாமா என்று கேட்டால், வேண்டும்தான்.

லாக் ஃபைல், வாசலில் ஒட்டிய சீட்டு மாதிரி. படிக்கிறவனுக்குத்தான் தடை; டிஸ்ப்ளே அதைப் படிக்கவில்லை. போர்ட்டை ஒருவருக்கே ஒதுக்கும் லினக்ஸ் கட்டளையான டிஐஓசிஇஎக்ஸ்சிஎல் (TIOCEXCL) போட்டிருந்தால் அடுத்த ஓப்பன் ‘பிஸி’ என்று திரும்பியிருக்கும், முழு அதிகாரம் உள்ள ரூட் பயனரைத் தவிர. டிஸ்ப்ளே ரூட்டாகத்தான் ஓடியது. ஆக, வேறு பதில் சொல்லியிருந்தாலும் இதேதான் நடந்திருக்கும் என்று சமாதானம் சொல்லிக்கொள்ளலாம்.

கடைசியில் பின்னணியில் ஓடும் ஒரு புரோகிராம் (டீமன்) மட்டும் போர்ட்டைத் திறந்தது. மற்றவற்றுக்கு, நிஜ போர்ட் மாதிரி நடிக்கும் போலி டெர்மினல் ஆளுக்கொன்று, அதன் வழியாக நகல். அங்கே வேறு வம்பு. பில்லிங் கொஞ்ச நேரம் படிக்காவிட்டால் ஃபிரேம்கள் தேங்கும்; அடுத்து படித்ததும் முதலில் வருவது போன லாரியின் எடை. படிக்குமுன் இன்புட்டை ஃப்ளஷ் செய்தால், அதாவது தேங்கியதை அழித்தால், தீரும். அந்த வரி பில்லிங்கில் முன்பு இருந்தது. ஒரே போர்ட்டில் இருந்தபோது அது டிஸ்ப்ளேக்கான பைட்டையும் சேர்த்து அழித்தது, எண்கள் விட்டுவிட்டு வந்தன. புகார் வந்ததும் எடுத்துவிடச் சொன்னது நான்தான்.