அமெரிக்காவுக்குப் பெட்டி கட்டும்போது

குடும்பத்தோடு கிளம்புறவங்க முதலில் கேட்பது மிக்ஸியைத்தான். நம்மூர் மிக்ஸி 230 வோல்ட், அங்கே 120. நேராகச் செருகினால் மோட்டார் திணறும், உளுந்து மசியாது. 750 வாட் மிக்ஸிக்கு, வோல்டேஜை ஏற்றித் தரும் 1500 வாட் ஸ்டெப்-அப் டிரான்ஸ்ஃபார்மராவது வேண்டும். அதுவே பல கிலோ கனக்கும். பேசாமல் இங்கேயே அமெரிக்காவுக்கான 110 வோல்ட் மாடல் கேட்டு வாங்குங்க.

வெட் கிரைண்டருக்கு டிரான்ஸ்ஃபார்மரும் கைகொடுக்காது. அது வோல்டேஜை மட்டும்தான் மாற்றும்; மின்சாரம் நொடிக்கு எத்தனை முறை அலையும் என்கிற ஹெர்ட்ஸை மாற்றாது. 50 ஹெர்ட்ஸ் மோட்டார் அங்கே 60-ல் ஐந்தில் ஒரு பங்கு வேகமாகச் சுற்றும், மாவு சூடேறும்.

குக்கர் தாராளமாக எடுக்கலாம். கூடவே அதே அளவு கேஸ்கெட் நாலு, சேஃப்டி வால்வு ரெண்டு. அடுப்பு இண்டக்‌ஷனா என்று முதலில் கேளுங்க, வெறும் அலுமினிய குக்கர் அதில் சூடாகவே ஆகாது. தோசைக்கல் அடி தட்டையாக இருக்கணும். கண்ணாடி அடுப்பில் இழுக்காமல் தூக்கி வையுங்க, கீறல் விழும்.

கறிவேப்பிலையும் அரிசியும் வேண்டவே வேண்டாம். முதலாவதில் எலுமிச்சை இனத்தைத் தாக்கும் பூச்சி இருக்கலாம், அடுத்ததில் தானியத்தைத் தின்னும் கப்ரா வண்டு இருக்கலாம்: ரெண்டும் விமான நிலையத்திலேயே குப்பைக்குப் போகும். சாம்பார் பொடி இருந்தால் சுங்கச் சோதனையில் மறைக்காமல் சொல்லிடுங்க.