பின்னின் பின்பக்கம்

அமெரிக்காவின் டாம்பா நகரில் அப்போது குடியிருந்த அக்கா வீட்டிற்கு 2003-ஆம் ஆண்டு போயிருந்தபோதுதான் ஓர்லாண்டோ டிஸ்னி வேர்ல்டின் எப்காட் பூங்காவை முதன்முதலாகப் பார்த்தேன். சவாரிகளைவிட என் நினைவில் அதிகம் தங்கியவை, ஊழியர்களின் கழுத்து வார்களில் வரிசையாகக் குத்தப்பட்டிருந்த எனாமல் பின்கள் என்னும் சிறு உலோகச் சின்னங்கள். நம்மிடம் உள்ள டிஸ்னி பின் ஒன்றைக் கொடுத்து, அவர்கள் அணிந்திருப்பதில் பிடித்ததை வாங்கிக்கொள்ளலாம். ஓர் ஊழியரிடம் ஒரு நாளில் இரண்டு பின்கள் வரை மாற்றலாம். ஒலிம்பிக் போட்டிகளில் நெடுங்காலமாக இருந்துவந்த வழக்கத்தை ஒட்டிய இந்தப் பரிமாற்றம், 1999 அக்டோபரில், புத்தாயிரம் ஆண்டுக் கொண்டாட்டத்தின்போது தொடங்கப்பட்டது. ஆக, நான் போனபோது அதற்கு நான்கு வயதுகூட நிரம்பவில்லை.

அன்று நான் பார்த்ததெல்லாம் பின்னின் முகத்தை மட்டுமே. ஃபிக்மென்ட் என்னும் ஊதா நிறக் குட்டி டிராகன் பொறித்த பின் ஒன்றைக் கடையில் வாங்கினேன். அதை மாற்ற மனம் வராததால், கூடவே வாங்கிய மிக்கி பின்னைக் கொடுத்து, பூங்காவின் அடையாளமான பெரிய வெள்ளிக் கோளம் பொறித்த பின்னைப் பெற்றுக்கொண்டேன். மாற்றிக் கொடுத்த முதியவர் அந்தக் கோளத்தைப் பற்றிப் பேசிய நேரம், நான் பின்னைத் தேர்ந்தெடுக்க எடுத்துக்கொண்ட நேரத்தைவிட அதிகம்.

இருபது ஆண்டுகள் கழித்து, 2023-இல், பதினொரு வயது மகளுடன் அதே பூங்காவிற்குச் சென்றேன். பயணத்திற்கு முன் சிக்கனம் கருதி இணையத்தில் ஐம்பது பின்களை மொத்தமாக வாங்கியிருந்தேன். ஒரு பின்னின் விலை ஒரு டாலரைக்கூட எட்டவில்லை. அப்போதே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். எப்காட்டில் வரிசையில் எங்களுக்கு முன்னால் நின்ற சேகரிப்பாளர் ஒருவர், மகளின் பின்களைத் திருப்பிப் பார்த்துவிட்டுத் தயக்கத்துடன் சொன்ன சொல் 'ஸ்க்ராப்பர்'. தரச்சோதனையில் கழித்துப்போட்டவற்றையும், அதே வார்ப்பைக் கொண்டோ அதைப் பார்த்தோ அனுமதியின்றி அடித்தவற்றையும் சேகரிப்பாளர்கள் இப்பெயரால் அழைக்கிறார்கள். மங்கிய வண்ணம், எனாமலில் சிறு பள்ளங்கள், முறையாக வெட்டப்படாத விளிம்பு ஆகியவை முன்பக்கத்துக் குறைகள். ஆனால் அவர் முதலில் தேடியது பின்பக்கத்தைத்தான்: டிஸ்னியின் உரிமைக் குறி தெளிவாக இருக்கிறதா, மிக்கி தலைகள் நிறைந்த பின்னணி வடிவம் விளிம்பு வரை ஓடுகிறதா, எத்தனை பிரதிகள் மட்டுமே வெளியிடப்பட்டன என்னும் எண் பொறிக்கப்பட்டிருக்கிறதா. அந்த எண் இன்று விலையைப் பெரிதும் பாதிக்கிறது. கடையில் விற்காமல் பரிமாற்றத்திற்கென்றே வெளியிடப்பட்ட 'ஹிட்டன் மிக்கி' பின்களிலோ, முன்பக்கத்திலேயே ஒரு சிறிய மிக்கி தலை ஒளிந்திருக்கிறது.

பின்களின் வேலைப்பாடும் மாறியிருக்கிறது. சுழல்பவை, நகர்பவை, வண்ணக் கண்ணாடிபோல் ஒளி ஊடுருவுபவை எனக் கடைச்சுவர் நிறைய இருந்தன. எது உள்ளே இருக்கிறது என்று தெரியாமலே வாங்க வேண்டிய மூடிய பொட்டலங்களும் இருந்தன. இவை எனக்குச் சூதாட்டத்தின் தம்பியாகவே தோன்றின. மகளுக்கு மட்டும் அவைதான் பிடித்திருந்தன.

எனக்கு உறுத்திய மாற்றம் வேறு. பெருந்தொற்றுக்காக 2020-இல் மூடப்பட்ட பூங்காக்கள் மீண்டும் திறந்தபோது, கழுத்து வார்களுக்குப் பதிலாகப் பின்கள் குத்திய பலகைகள் முன்னுக்கு வந்தன. நாங்கள் சென்ற நாளிலும் வார் அணிந்த ஊழியர் ஓரிருவரையே கண்டோம். மற்ற இடங்களில் கடையின் முகப்பு மேசையில் கேட்டால் ஒரு பலகையை எடுத்து நீட்டினார்கள். எவரும் அவசரப்படுத்தவில்லை. ஆயினும் பலகையிடம் கதை கேட்க முடியாதல்லவா!

சந்தேகத்திற்குரிய பின்களைப் பையிலேயே வைத்துவிட்டு, கடையில் வாங்கியவற்றை மட்டும் மகள் மாற்றினாள். அன்று மாலை மோனோரயிலில் இருந்து இறங்கியபோது அவளுடைய வாரில் ஒரு பின் குறைந்திருந்தது. பின்னின் ஊசியைப் பின்புறம் பிடித்திருக்கும், மிக்கி தலை வடிவிலான ரப்பர் அடைப்பான் கழன்று எங்கோ விழுந்திருக்க வேண்டும். அனுபவமுள்ளவர்கள் குட்டி ஆலன் சாவியால் இறுக்கும் உலோக அடைப்பான்களைப் பயன்படுத்துகிறார்கள் என்பதை மறுநாள்தான் அறிந்து, ஒரு பொதி வாங்கினேன். முதலாவது அடைப்பானை, ஊரிலிருந்து கொண்டுவந்திருந்த 2003-ஆம் ஆண்டு ஃபிக்மென்டுக்குப் பூட்டினேன்.